வெட்டாத கத்தி

ஒரு பொருளுக்குத் தர்மம் உண்டா? மனிதனுக்கு உண்டு என்கிறோம். அரசனுக்கு உண்டு, ஆண்டிக்கும் உண்டு என்கிறோம். விளக்குக்கு எரிவதும், கிணற்றுக்குச் சுரப்பதும், கத்திக்கு வெட்டுவதும் தர்மம் என்று சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை. அப்படியானால், எதையுமே வெட்டாமல், எண்ணெய் தடவி, வெல்வெட்டுத் துணியில் சுற்றி, பெட்டிக்குள் கிடத்தி, வாரம் ஒரு முறை எடுத்து அழகு பார்த்துவிட்டு மீண்டும் மூடி வைக்கிறாரே ஒருவர், அவர் அந்தக் கத்திக்கு நன்மை செய்கிறாரா, தீங்கு செய்கிறாரா?

"நாட்டில் யோசிக்க வேறு விஷயமே கிடைக்கவில்லையா?" என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் யோசிக்க யோசிக்க, கத்தியைப் பற்றிய கேள்வியாகத் தோன்றியது கத்தியோடு நிற்கவில்லை. பரணில் தூங்கும் வெண்கலப் பானையிலிருந்து, பட்டம் பெற்று வீட்டில் அமர்ந்திருக்கும் பெண்ணின் படிப்பு வரைக்கும் அது நீண்டுகொண்டே போயிற்று. நான் தத்துவம் பயின்றவன் அல்ல, கதை எழுதுகிறவன். ஆகவே தர்க்க சாஸ்திரத்தை விட்டுவிட்டு, கண்ணால் கண்டதை வைத்துக்கொண்டே இதைப் பேசிப் பார்க்கிறேன்.

ஆவடியை ஒட்டினாற்போல் கோவில்பதாகை என்று ஓர் ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டால் கோயில் கொடி கண்முன் அசையும். ஏரியும் பெருமாள் கோயிலுமாக ஒரு காலத்தில் கிராமமாக இருந்த ஊர், இன்று மாநகராட்சி எல்லைக்குள் வீடுகளாக நெருங்கிக் கிடக்கிறது. பக்கத்து ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது; 1965-ல் அங்கிருந்து 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. அதன் பிறகு இந்தப் பிரதேசத்தில் பிறந்த பிள்ளைகளில் பலர் ஏர்க்கலப்பையைத் தொடாமலே அரத்தையும் சுத்தியலையும் தொட்டு வளர்ந்தார்கள். அப்படி வளர்ந்து, ஒரு தொழிற்சாலையில் நாற்பது வருஷம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் எனக்குச் சிநேகிதர். அவர் வீட்டு மாடி அறையில் நூற்றுக்கும் மேற்பட்ட மடக்குக் கத்திகள் இருக்கின்றன.

முதல் கத்தியை அவர் பள்ளிப் பருவத்தில் மூர் மார்க்கெட்டில், பழைய சாமான் கடை ஒன்றில் வாங்கினாராம். அந்த மார்க்கெட் 1985-ல் எரிந்து போயிற்று, கத்தி இருக்கிறது. அது நம் ஊர்ப் பேனாக்கத்தி அல்ல. அமெரிக்காவில் மாடு மேய்க்கிறவர்கள் சட்டைப்பையில் வைத்திருந்த 'ஸ்டாக்மன்' என்ற ஜாதி. தமிழில் மந்தைக்காரன் கத்தி என்று சொல்லிவிடலாம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் புழக்கத்துக்கு வந்த அமைப்பு அது. மடக்கினால் நான்கு அங்குலத்துக்குள் அடங்கிவிடும். அதற்குள்ளே மூன்று அலகுகள்.

இந்த மூன்று அலகுகளையும் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் அலகு நீளமானது; முதுகு சரிந்து கூர்முனையில் முடியும். கயிறு அறுப்பது முதல் சோற்றுக்கு வெங்காயம் நறுக்குவது வரை எல்லாவற்றுக்கும் அதுதான். இரண்டாவது அலகின் விளிம்பு அடிமட்டம் வைத்தாற்போல் நேராக இருக்கும்; முதுகு வளைந்து வந்து விளிம்பைத் தொடும். குத்துகிற முனையே அதற்குக் கிடையாது. ஆட்டின் குளம்பைச் சீவுவதற்கு ஏற்றது என்பதால் 'ஆட்டுப் பாதம்' என்றே அதற்குப் பெயர். மூன்றாவது அலகு இளங்காளைகளுக்குக் காயடிப்பதற்கென்று ஏற்பட்டது. அதன் முனையும் மழுங்கலாக உருண்டிருக்கும். கட்டிப் போட்ட கன்று வலியில் திமிறும்போது, கத்தியின் முனை படக்கூடாத இடத்தில் பட்டுக் கிழித்துவிடக் கூடாதல்லவா? அதற்காகத்தான்.

இதைச் செய்தவன் கருணையால் செய்தானா, கன்று செத்தால் பணம் நஷ்டம் என்று செய்தானா என்பது எனக்குத் தெரியவேண்டியதில்லை. மூன்று அலகில் இரண்டு, குத்தவே முடியாதபடி செய்யப்பட்டிருக்கின்றன. ஓர் உயிரின் உடம்பை நினைத்துப் பார்த்தல்லவா இரும்பு வளைந்திருக்கிறது!

நண்பர் கத்திகளைச் சேர்ப்பதோடு நிற்பவர் அல்ல. அவற்றைப் பிரித்து மறுபடி கட்டுகிறவர். ஒரு நாள் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பிடியின் ஆணிகளை அரத்தால் தேய்த்து, மெல்லத் தட்டி வெளியே தள்ளுகிறார். எலும்புப் பிடி கழன்று வருகிறது. அதன் கீழே பித்தளைத் தகடுகள்; தகடுகளுக்கு நடுவே முதுகு நெடுக ஓடும் உருக்கு வில். வில்வண்டியின் வில் மேட்டிலும் பள்ளத்திலும் அழுந்தி நிமிர்வதுபோல, அலகைத் திறக்கும்போது இந்த வில் அழுந்துகிறது. திறந்து முடிந்ததும் 'டக்'கென்று நிமிர்ந்து அலகைப் பிடித்துக்கொள்கிறது. அந்த 'டக்' சரியாக விழுகிறதா என்று அவர் காதருகே வைத்துக் கேட்கும்போது, தம்புரா சுருதி சேர்க்கிற வித்துவான் ஒருவரைத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு புதுப் பிடி. எருமைக் கொம்பு, கருங்காலி, வயிரம் பாய்ந்த பனை என்று நம் ஊர்ச் சரக்குகளை வைத்திருக்கிறார். மான் கொம்பு அழகாக இருக்கும் என்று யாரோ சொன்னதற்கு, "1972 சட்டப்படி அதை வாங்கறதும் விக்கறதும் குத்தம் சார். சட்டம் இல்லேன்னாலும் வேணாம்" என்று முடித்துவிட்டார். பிடியை அறுத்து, துளையிட்டு, ஆணி அடித்து, உப்புத்தாளால் தேய்த்து, உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடி தேய்க்கிறார். முதுகு வில்லின் விளிம்பில் சிற்றரத்தால் கொடி கொடியாகப் பூவேலை செய்கிறார். ஒரு கத்திக்குப் பதினைந்து நாள் கூட ஆகும். அப்புறம்? அப்புறம் பெட்டிக்குள் போய்விடும்.

"இதனால் ஒரு கொய்யாப்பழமாவது நறுக்கியதுண்டா?" என்று கேட்டேன்.

"உபயோகிச்சா தேஞ்சுடும் சார். தேஞ்சு போனதுக்கப்புறம் எதைக் காட்டறது?" என்றார் அவர்.

எனக்கு உடனே ஔவையார் நினைவுக்கு வந்தார். அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போன கதை எல்லோருக்கும் தெரியும்; புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அது. தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டுகிறான். மயிற்பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் பளபளவென்று இருக்கின்றன ஆயுதங்கள். ஔவையோ, அதியமானின் வேல்கள் பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனுடைய சின்ன உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறாள். புகழ்வதுபோல் இகழ்ந்தாள் என்று இதற்கு உரை சொல்வார்கள். ஆவடி, திருமுல்லைவாயில், பூவிருந்தவல்லி எல்லாமே பழைய தொண்டை மண்டலம்தான். "உங்கள் ஊர் ராஜாவும் உங்களைப் போலத்தான் வைத்திருந்தான்" என்று நண்பரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். ஆனால் வீடு திரும்பும் வழியில் என் வேடிக்கைப் பேச்சே என்னை உறுத்தத் தொடங்கிவிட்டது.

ஔவையின் கேலியை நாம் இரண்டாயிரம் வருஷமாகக் கைதட்டி ரசித்து வருகிறோம். ஆனால் ஒன்று கேட்கிறேன்: உங்கள் பிள்ளைகளை வளர்க்க எந்த நாட்டைத் தேர்ந்தெடுப்பீர்கள்? வேல்கள் முறிந்து முறிந்து உலைக்களத்துக்கு வரும் நாட்டையா, வேல்கள் மயிற்பீலி சூடிச் சும்மா இருக்கும் நாட்டையா? வேல் நுனி முறிந்தது என்றால் அது எங்கே பாய்ந்து முறிந்தது? எந்தத் தாயின் மகன் மார்பில்? தொண்டைமானின் ஆயுதங்கள் பளபளப்பாக இருந்தது அவனுக்கு வெட்கமாக இருக்கலாம். அவன் குடிகளுக்கு அது பாக்கியம்.

இதே தொண்டை மண்டலத்தில் இன்னொரு கதையும் உண்டு. கோவில்பதாகைக்குப் பக்கத்திலேயே இருக்கிற வடதிருமுல்லைவாயிலின் தலபுராணம் அது. தொண்டைமான் யானைமேல் வருகிறான்; முல்லைக்கொடிகள் யானையின் காலைச் சுற்றிக்கொள்கின்றன. பொறுமையிழந்து வாளை உருவிக் கொடிகளை வெட்டுகிறான். கொடியிலிருந்து இரத்தம் வடிகிறது. விலக்கிப் பார்த்தால் உள்ளே சிவலிங்கம். வாள் பட்டது அதன்மேல். பதறிப்போன மன்னன் அதே வாளால் தன் கழுத்தை அரியப் போகும்போது இறைவன் தடுத்தாட்கொண்டதாக ஐதிகம். அந்த வெட்டுக்காயத்துக்காகத்தான் மாசிலாமணீசுவரர் சந்தனக் காப்போடு இருக்கிறார் என்று சொல்கிறார்கள்.

பாருங்கள், ஒரே நாட்டில், தொண்டைமான் என்ற ஒரே பட்டப்பெயரில், இரண்டு கதைகள். ஒருவன் வாளை வீசாததற்காக ஏளனம் செய்யப்படுகிறான். இன்னொருவன் வாளை வீசியதற்காக அழுகிறான். அப்படியானால் பயன்படுத்துவதே தர்மம் என்றும் சொல்ல முடியவில்லை. பயன்படுத்தாமலிருப்பதே தர்மம் என்றும் சொல்ல முடியவில்லை. எதற்காகச் செய்யப்பட்ட இரும்பு என்பதைக் கேட்டாக வேண்டியிருக்கிறது.

நம் சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் கூர்மையான கருவிகளையெல்லாம் ஆயுதம் என்று சொல்லிக்கொண்டே வந்து, வீட்டு உபயோகத்துக்கோ விவசாயத்துக்கோ என்றே செய்யப்பட்டவை ஆயுதமல்ல என்று விலக்கிவிடுகிறது. இரும்பு ஒன்றுதான், கூர்மையும் ஒன்றுதான், நோக்கம் வேறு. ஆயுதம் சும்மா இருந்தால் உலகத்துக்கு லாபம். கருவி சும்மா இருந்தால் நஷ்டம். ஔவை பேசியது ஆயுதத்தை. நண்பரின் மந்தைக்காரன் கத்தியோ கருவி. ஆகவே தொண்டைமானுக்குக் கிடைக்கக்கூடிய மன்னிப்பு நண்பருக்குக் கிடைக்காது!

இப்படி நான் ஒரு தீர்ப்பை எழுதி முடித்த வேளையில் எழும்பூர் மியூசியம் என் எதிரே வந்து நின்றது. ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்பவர் தோண்டி எடுத்த இரும்புக் கருவிகள் அங்கே இருக்கின்றன. இறந்தவர்களோடு தாழியருகே புதைக்கப்பட்டவை அவை. சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னே போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அந்த இரும்புகளால் இன்று ஒரு வாழைநாரைக்கூட அறுக்க முடியாது. ஆனால் அவை சும்மா இருக்கின்றன என்று யார் சொல்வார்கள்? இப்படி வாழ்ந்தோம், இப்படிச் செத்தவர்களை வழியனுப்பினோம் என்று அவை சாட்சி சொல்லிக்கொண்டிருக்கின்றன. சாட்சி சொல்வதும் ஒரு வேலைதானே?

ஆகவே சேர்த்து வைப்பவர் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. எல்லோரும் எல்லாவற்றையும் தேயத் தேய உபயோகித்துத் தீர்த்துவிட்டால் நாளைக்குச் சாட்சி சொல்ல எது மிஞ்சும்? ஆனால் சாட்சிக்கு ஒரு நிபந்தனை உண்டு. பொய் சொல்லக் கூடாது.

இந்த இடத்தில்தான் கத்தி சேர்ப்பவர்களின் உலகத்தில் எனக்கு ஒரு விஷயம் பிடிக்கவில்லை. 1913-ல் ஷெப்பீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத உருக்கைக் கண்டுபிடித்த பிறகும், பழைய கரி உருக்குக் கத்திகளுக்குத் தனி மவுசு இருக்கிறது. எலுமிச்சம்பழமும் மாங்காயும் நறுக்கி நறுக்கி அந்த அலகின்மேல் மெல்ல ஒரு நீலமும் சாம்பலும் கலந்த நிறம் ஏறும். பல வருஷ உழைப்பின் நிறம் அது. புதுக் கத்திமேல் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ தடவி ஊறவைத்து, ஒரே இரவில் அந்த நிறத்தை வரவழைத்துக்கொள்கிற ரசிகர்கள் இருக்கிறார்கள். துருவுக்குக் காப்பு என்று காரணம் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் பாதிப் பேருக்கு வேண்டியது காப்பு அல்ல, தோற்றம். ஒரு நாளும் உழைக்காத கத்தி, உழைத்த கத்தியின் முகத்தை மாட்டிக்கொண்டு நிற்கிறது. மனிதர்களில் இப்படிப்பட்டவர்களை நமக்குத் தெரியும். கத்திக்கும் அதைக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?

இந்த ஆராய்ச்சியெல்லாம் யாரோ ஒருவருடைய கத்திகளைப் பற்றி இருந்தவரை எனக்குச் சுலபமாக இருந்தது. என் கத்திக்கு வந்தபோது சுலபமாக இல்லை.

என்னிடம் என் தகப்பனாரின் மடக்குக் கத்தி ஒன்று இருக்கிறது. ஒரே அலகு, கொம்புப் பிடி. அவர் மாடு கன்று வைத்துப் பிழைத்தவர். மூக்கணாங்கயிறு அறுப்பதும், வைக்கோல் பிரியை வெட்டுவதும், எங்களுக்குப் பனங்கிழங்கு நறுக்குவதும் அந்தக் கத்திதான். கிணற்றடிக் கல்லில் தீட்டித் தீட்டி அலகு வேப்பிலைபோல் ஒடுங்கிவிட்டது. ஆணி ஆடுகிறது. நண்பர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "விட்டுட்டுப் போங்க சார். புது அலகு போட்டு, கருங்காலிப் பிடி போட்டு, ராஜா மாதிரி பண்ணித் தரேன்" என்றார். அன்பில் சொன்ன வார்த்தை. எனக்கோ திக்கென்றது.

தீசியஸ் என்ற கிரேக்க வீரனின் கப்பலைப் பற்றிப் புளூட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். மக்கிய பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தார்களாம். கடைசியில் அது அதே கப்பலா, வேறு கப்பலா என்று தத்துவ ஞானிகள் சண்டையிட்டார்களாம். அலகையும் மாற்றிப் பிடியையும் மாற்றிவிட்டால் என் கையில் மிஞ்சுவது அப்பாவின் கத்தியா, அப்பாவின் கத்தி என்ற பெயரா?

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. அந்தக் கொம்புப் பிடியே ஆதிப் பிடி அல்ல. பழைய மரப்பிடி பிளந்துபோன ஒரு வருஷம், எங்கள் வீட்டு எருமை இறந்தது. அதன் கொம்பில்தான் அப்பா புதுப்பிடி போட்டுக்கொண்டார். அவர் மாற்றியபோது அது அவருடைய கத்தியாகவே இருந்தது, ஒருவரும் சந்தேகப்படவில்லை. நம் கோயில்களிலும் திருப்பணி நடக்கிறது, கல்லை மாற்றுகிறார்கள், கும்பாபிஷேகம் முடிந்ததும் அதே கோயில் என்றுதான் கும்பிடுகிறோம். அப்படியிருக்க, நண்பர் மாற்றுவதில் மட்டும் எனக்கு என்ன தயக்கம்?

பல நாள் யோசித்தபின் எனக்கு விளங்கியது இதுதான். அப்பா பிடியை மாற்றியது மறுநாள் காலையில் கயிறு அறுப்பதற்காக. கோயிலில் கல்லை மாற்றுவது மறுநாள் விளக்கு ஏற்றுவதற்காக. வேலை தொடர்வதற்காகச் செய்கிற மாற்றத்தில் பொருள் சாவதில்லை. எத்தனை முறை மாற்றினாலும் அது அதுவாகவே இருக்கிறது. வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பதற்காகச் செய்கிற மாற்றத்தில்தான், ஓர் ஆணியை மாற்றினால்கூட அது வேறொன்றாகிவிடுகிறது. ஏதென்ஸ் நகரத்துக் கப்பல் கடலுக்குப் போய்க்கொண்டே இருந்திருந்தால், அது எந்தக் கப்பல் என்று மாலுமிகள் குழம்பியிருக்கமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஆணியை மட்டும் இறுக்கி, அலகைச் சாணை பிடித்துத் தரும்படி நண்பரிடம் கேட்டுக்கொண்டேன். சற்று ஏமாற்றத்தோடுதான் செய்தார். ஆனால் மிக நன்றாகச் செய்தார். இப்போது அதில் பென்சில் சீவுகிறேன், பார்சல் நூல் அறுக்கிறேன், பழம் நறுக்குகிறேன். இன்னும் கொஞ்சம் தேயும். என் மகன் காலத்தில் முழுக்கவே தேய்ந்து போகலாம். போகட்டும். அப்பாவும் தேய்ந்துதானே போனார்!

இவ்வளவும் சொன்ன பிறகு நண்பருக்கும் நியாயம் செய்ய வேண்டும். அவரைப் பார்த்து, "உங்கள் கத்திகள் சும்மா கிடக்கின்றன" என்று நான் குற்றம் சாட்டினேன் அல்லவா? அன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். நாற்பது வருஷம் ஒரு நூலளவும் பிசகாமல் உழைத்த கை அது. ஓய்வூதியம் வாங்குகிற மறுநாளே அந்தக் கை ஓய்ந்துவிடுமா? அவருக்கு அந்தக் கத்திகள் கருவி அல்ல. களிமண் குயவனுக்கு எப்படியோ அப்படி. கருவி அவர் கையிலிருக்கும் அரம். அரம் தேய்கிறது, உப்புத்தாள் தேய்கிறது, அவர் விரல்களும் தேய்கின்றன. அவர் அறையில் சும்மா இருப்பது ஒன்றுமே இல்லை. கத்தி பெட்டிக்குள் போன பிறகுதான் அந்தக் கேள்வி தொடங்குகிறது.

பெட்டிக்குள் போனதைப் பற்றியும் அவரே இப்போது யோசிக்கத் தொடங்கியிருக்கிறார். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். கத்திகளில் அவர்களுக்கு நாட்டமில்லை. "எனக்கப்புறம் எடைக்குப் போட்டுடுவாங்க சார்" என்று ஒரு நாள் சொன்னார். குரலில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. சில மாதங்களாக ஒன்று ஒன்றாகக் கொடுத்து வருகிறார். தெருமுனையில் பூக்கட்டும் அம்மாளுக்கு நார் அறுக்க ஒன்று. தையற்காரர் ஒருவருக்கு ஒன்று. ஏரிக்கரையில் இன்னும் இரண்டு மாடு வைத்திருக்கும் பெரியவருக்கு, மூன்று அலகோடு, அந்த மூர் மார்க்கெட் கத்தி.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் வழக்கம். கீழே வைக்க வேண்டும். வேண்டியவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கொடுத்தால் சண்டை வரும் என்று பாட்டிமார் சொல்வார்கள். எனக்கு அதில் வேறொரு பொருளும் தெரிகிறது. கூர்மையுள்ள எதையும் ஒருவர்மேல் நாம் திணிக்கக் கூடாது. அவரே குனிந்து எடுக்கட்டும். எடுக்கும்போது இதை எதற்காக எடுக்கிறோம் என்று ஒரு கணம் நினைக்கட்டும். நண்பரும் திண்ணைமேல் வைத்துவிட்டு ஓர் அடி தள்ளி நிற்கிறாராம். பெரியவர் எடுத்து, மூன்றாவது அலகைத் திறந்து பார்த்து, "இது எதுக்குன்னு எனக்குத் தெரியுமே!" என்றாராம். பதினைந்து நாள் பூவேலைக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடைக்கவில்லை என்று நண்பர் சொன்னார்.

அழகு பார்ப்பது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. சரஸ்வதி பூஜையன்று அரிவாள்மணைக்கும் உளிக்கும் அரத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, பூச்சூட்டி, அன்று ஒரு நாள் அவற்றுக்கு ஓய்வு கொடுக்கிறோம். தொண்டைமானின் மயிற்பீலிக்கு அன்று நம் வீட்டிலும் இடமுண்டு. விஜயதசமி விடிந்ததும் குங்குமத்தைத் துடைத்துவிட்டு வேலைக்கு எடுக்கிறோம். வருஷத்தில் ஒரு நாள் வணங்கவும் மற்ற நாட்களில் தேயவும் ஒரு பொருளுக்குக் கொடுத்து வைத்திருந்தால், அதன் தர்மத்துக்குக் குறைவில்லை. எல்லா நாளும் பூஜை நாளாகிவிட்ட பொருளைப் பார்க்கும்போதுதான், அது கத்தியானாலும் சரி, கற்ற வித்தையானாலும் சரி, எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.